திறந்தவெளிச் சிற்பமும் பொருள்கோளும்: காசெல் நகர ஓபலிஸ்க் தூணை முன்வைத்து ஓர் ஆய்வு

கண்காட்சிக் கூடத்தினுள் வைக்கப்பெறும் சிற்பத்திற்கும் திறந்த வெளியில் நிறுத்தப்பெறும் சிற்பத்திற்கும் பொருள்கொள்ளும் முறையில் அடிப்படையான வேறுபாடு உண்டு. கூடத்தினுள் நுழைபவர் கலையைக் காணும் நோக்குடனேயே நுழைகிறார். சுவரும் விளக்கொளியும் பெயர்ப்பலகையும் அவர்தம் பார்வையை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தி விடுகின்றன. தெருவில் நிற்கும் சிற்பத்திற்கு இத்துணைகள் இல்லை. கடைக்குச் செல்வோர், டிராம் வண்டிக்குக் காத்திருப்போர், பள்ளி விட்டு வரும் சிறார் ஆகிய அனைவரும் அதன் பார்வையாளர்களே. இவர்களுள் பெரும்பாலோர் அதனைக் காண விரும்பி வந்தவர் அல்லர். எனவே 'இதன் பொருள் யாது?' என்னும் வினா எழுவதற்கு முன்பே, 'இஃது ஏன் இங்கே நிற்கிறது?' என்னும் வினா எழுந்துவிடுகிறது. இவ்விரண்டாம் வினாவிற்குக் கிடைக்கும் விடையும் சிற்பத்தின் பொருளில் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் கருத்து. அதனை விளக்க, ஜெர்மனியின் காசெல் நகரில் 2017ஆம் ஆண்டு நடைபெற்ற டாக்குமெண்டா 14 கண்காட்சியில் நிறுத்தப்பெற்ற ஒரு தூண் சான்றாகக் கொள்ளப்படுகிறது. சிற்பத்தின்மேல் ஒரு தொடர் நான்கு மொழிகளில் பொறிக்கப்பட்டிருப்பதால், மொழியாய்வாளர்க்கும் அது தனிக்கவனத்திற்கு உரியதாகிறது.

கண்காட்சியும் சிற்பமும்

டாக்குமெண்டா என்பது இரண்டாம் உலகப்போரில் பெரும்பகுதி அழிந்துபோன காசெல் நகரில் 1955இல் ஆர்னால்டு போடே என்பவர் தொடங்கிய கலைக் கண்காட்சியாகும். நாசி ஆட்சியினர் 'சீரழிந்த கலை' என முத்திரையிட்டு விலக்கிய நவீனக் கலையை ஜெர்மானிய மக்கள்முன் மீண்டும் வைப்பது அதன் தொடக்கநிலை நோக்கங்களுள் ஒன்று. இப்போது ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, நூறு நாள் அளவில் அது நடைபெறுகிறது. ஆதாம் ஷிம்சிக் கலை இயக்குநராக இருந்த பதினான்காம் கண்காட்சி, காசெலுக்கு முன்னரே ஏதென்ஸ் நகரில் 2017 ஏப்ரலில் தொடங்கி, காசெலில் அவ்வாண்டு செப்டம்பரில் நிறைவுற்றது. 2015ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8,90,000 புகலிடம் தேடுவோர் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்திருந்தனர். அவர்களுள் பலர் கிரேக்க நாட்டின் தீவுகள் வழியே வந்தவர்கள். ஆகவே ஏதென்ஸ், காசெல் என்னும் இரு நகரங்களின் இணைப்பே அவ்வாண்டுக் கண்காட்சியின் பொருளைப் பாதியளவு சொல்லிவிட்டது எனலாம்.

தூணை வடித்த ஓலு ஓகுயிபே 1964இல் நைஜீரியாவில் பிறந்தவர். கலைஞர், கவிஞர், கலை வரலாற்றாசிரியர். 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் இடம்பெயர்ந்த குழந்தைகளுள் அவரும் ஒருவர். அதே கண்காட்சியின் ஏதென்ஸ் பகுதியில் அவர் வைத்த படைப்பு அப்போர் பற்றிய ஆவணத் தொகுப்பாகும். காசெலில் அவர் நிறுத்தியது ஏறத்தாழ 16 மீட்டர் உயரமுள்ள கற்காரைத் தூண். 'அயலார்க்கும் அகதிகளுக்குமான நினைவுச்சின்னம்' என்பது அதன் பெயர். நகரின் நடுவே கடைகள் சூழ அமைந்த வட்ட வடிவான கோனிக்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் அது நின்றது. தூணின் நான்கு முகங்களிலும், அயலானாக இருந்த தன்னை மக்கள் ஏற்றுக்கொண்டதாகக் கூறும் மத்தேயு நற்செய்தித் தொடர் (25:35), முகத்திற்கு ஒரு மொழியாக ஜெர்மன், ஆங்கிலம், அரபு, துருக்கியம் ஆகியவற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே இப்படைப்பிற்கு ஆர்னால்டு போடே பரிசும் வழங்கப்பெற்றது.

வடிவத்தின் பொருள்

ஓபலிஸ்க் என்பது அடியில் அகன்று மேலே குறுகி, உச்சியில் சிறு கூம்புடன் முடியும் நாற்கோணத் தூணாகும். எகிப்தியர் அதனை ஒரே கருங்கல்லில் வடித்துக் கோயில் வாயிலில் இணையாக நிறுத்தினர். முகங்களில் அரசர்தம் பெயரும் வெற்றியும் வெட்டப்பெற்றன. கிரேக்கர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'சிறு கம்பி', அதாவது இறைச்சி சுடும் கம்பி என்பதாகும். அளவிறந்த பெருமைக்காக எழுப்பப்பட்ட கல்லுக்கு அயலார் வைத்த பெயர் இவ்வாறு சமையற்கட்டுச் சொல்லாக அமைந்தது சுவையான செய்தி.

இவ்வடிவத்தின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இடப்பெயர்வின் வரலாறே. அகஸ்டஸ் பேரரசர் தொடங்கி உரோமானியர் இத்தூண்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். எகிப்தில் நிற்பவற்றினும் உரோம் நகரில் நிற்பவை மிகுதி. பாரிசில் 1836இலும், இலண்டனில் 1878இலும், நியூயார்க்கில் 1881இலும் எகிப்தியத் தூண்கள் நிறுத்தப்பெற்றன. எத்தியோப்பியாவின் அக்சும் நகரத்துத் தூணை முசோலினியின் படையினர் 1937இல் உரோமுக்குக் கொண்டுசென்றனர். அது 2005இல் தாயகம் திரும்பி 2008இல் மீண்டும் நிறுத்தப்பட்டது. அஃதாவது, ஐரோப்பிய நகரங்களில் இன்று இயல்பாகத் தோன்றும் இந்த ஆப்பிரிக்க வடிவமே ஒருகாலத்தில் அந்நகரங்களுக்குப் புதிதாக வந்த அயலானாகும்.

பேரரசுகளின் வெற்றிச் சின்னமான வடிவத்தை அகதிகள் பெயரால் நிறுத்துவது முரண் அன்றோ என்று கேட்கலாம். இவ்வினா தள்ளத்தக்கதன்று. ஆயின் தொடரையும் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது முரணே பொருளாகிறது. எகிப்தியத் தூணில் பேசுபவன் அரசன். மத்தேயுவின் அப்பகுதியிலும், இறுதித் தீர்ப்பின்போது இத்தொடரைச் சொல்பவன் அரியணையில் அமர்ந்த அரசனே. அவன் தன் வெற்றியைச் சொல்லாமல், தான் பசித்திருந்ததையும் அயலானாயிருந்ததையும் சொல்கிறான். தூண் நின்ற இடத்தின் பெயரும் 'அரசர் சதுக்கம்' என்றே பொருள்படுகிறது. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் திறந்தவெளிச் சிற்பத்தில் தற்செயலும் பொருள் தரும்.

தொடரின் பொருள்

சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் குறிகளை மூவகையாகப் பகுத்தார். ஒப்புமையால் பொருள் தருவது உருக்குறி. தொடர்பினால் பொருள் தருவது சுட்டுக்குறி. வழக்கினால் பொருள் தருவது மரபுக்குறி. சொல் மரபுக்குறி எனினும், தன்மை, முன்னிலைப் பெயர்கள் சுட்டுக்குறியின் தன்மையையும் உடையன. 'நான்' என்பதற்கு அகராதியில் ஆள் இல்லை. சொல்பவன் எவனோ அவனே அதன் பொருள். 'நீங்கள்' என்பதும் அவ்வாறே.

நூலில் இத்தொடரைப் படிப்பவர் முன்பின் வரும் பகுதிகளால் 'நான்' யார், 'நீங்கள்' யார் என அறிகிறார். தூணில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே 'நான்' என்பது முதலில் தூணையே குறிக்கிறது. அடுத்து அதனை நிறுத்திய கலைஞரை. அடுத்து அத்தொடரைத் தன் மொழியில் வாய்விட்டுப் படிக்கும் எவரையும் குறிக்கிறது. சிரியாவிலிருந்து வந்த ஒருவர் அரபு முகத்தின் முன் நின்று படிக்கும்பொழுது 'நான்' அவராகிறார். அவருக்குப் பின்னால் நிற்கும் காசெல் நகரத்தார் 'நீங்கள்' ஆகின்றனர். ஜெர்மன் முகத்தைப் படிப்பவரோ தம்மை 'நீங்கள்' என்றே உணர்வார். எனினும் போருக்குப் பின் கிழக்கிலிருந்து விரட்டப்பட்டு மேற்கு ஜெர்மனியில் குடியேறிய குடும்பத்தினராயின் அவரும் 'நான்' ஆகலாம். ஒரே தொடர் நான்கு மொழிகளில் எழுதப்பட்டதன் பயன் செய்தி பரப்புதல் மட்டுமன்று. தன்மையும் முன்னிலையும் இடம் மாறுவதற்கு அது வழி செய்கிறது.

இங்கு வினைமுற்றின் காலமும் கருதத்தக்கது. தொடர் இறந்தகாலத்தில் உள்ளது. 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்னும் ஏவல் அதில் இல்லை. இலக்கணப்படி அது நடந்ததைக் கூறும் கூற்று. பயன்பாட்டில் நன்றி கூறல். இத்தூணைப் பழித்தவர்கள் பெரும்பாலும் இதனை ஏவலாகவே படித்தனர். அப்படிப்பு முற்றிலும் தவறு என்று கூறுவதற்கில்லை. செய்யாத ஒருவரிடம் 'செய்தீர்கள்' என நன்றி கூறுவது குற்றச்சாட்டாகவோ வேண்டுகோளாகவோ மாறும் என்பது பேச்சு வழக்கில் யாவரும் அறிந்தது. தூண் நன்றி கூறுகிறதா, இடித்துரைக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கல்லில் உள்ள சொல் அன்று; கேட்பவரின் முன்செயல்.

இனிச் சொற்களை நோக்குவோம். மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள 'க்செனோஸ்' என்னும் சொல் அயலான், விருந்தினன் என்னும் இரு பொருளும் உடையது. இலத்தீனில் பகைவனைக் குறிக்கும் 'ஹோஸ்டிஸ்', விருந்தோம்புபவனையும் விருந்தினனையும் குறிக்கும் 'ஹோஸ்பெஸ்' ஆகிய இரண்டும் ஒரு வேரின என்பதை எமில் பென்வெனிஸ்த் விரிவாக ஆராய்ந்துள்ளார். வாயிலில் வந்து நிற்பவன் விருந்தினனா, பகைவனா என்னும் ஐயம் அம்மொழிகளின் சொல்லமைப்பிலேயே உறைந்துள்ளது.

இதனினும் வியப்பிற்குரியது பிறிதொரு பொருள்மாற்றம். அரபு மொழியில் அயலானைக் குறிக்கும் 'கரீப்' என்னும் சொல்லே இந்தியிலும் உருதுவிலும் ஏழையைக் குறிக்க வழங்குகிறது. துருக்கியத்திலும் அது 'காரிப்' எனப் புகுந்து, விந்தையானது, ஆதரவற்றது என்னும் பொருள்களைப் பெற்றது. ஜெர்மன் மொழியில் துயரத்தைக் குறிக்கும் 'ஏலெண்ட்' என்னும் சொல் பழங்காலத்தில் 'வேற்று நாடு' என்றே பொருள்பட்டது. ஆங்கிலத்தில் இழிந்தவன், இரங்கத்தக்கவன் எனப் பொருள்படும் 'ரெட்ச்' என்னும் சொல் முன்பு நாடு கடத்தப்பட்டவனைக் குறித்தது. தூணில் உள்ள மொழிகளுள் ஜெர்மன், ஆங்கிலம், துருக்கியம் ஆகியவை, அயலானைக் குறித்த சொல்லைத் துன்பத்திற்கோ எளிமைக்கோ உரிய சொல்லாக மாற்றிய அனுபவம் உடையன. தமிழ் மட்டும் விலக்கன்று. வேற்று நாட்டினன் என்னும் பொருளுடைய 'பரதேசி' இன்று பிச்சைக்காரனையும், சில இடங்களில் வசையையும் குறிக்கிறது.

சிற்பத்தின் பெயரிலுள்ள இரு ஜெர்மன் சொற்களும் இங்குக் கருதத்தக்கன. அயலானைக் குறிக்கும் 'ஃபிரெம்ட்லிங்' இன்று பழமை மணம் வீசும் சொல். லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பை நினைவூட்டுவது. அகதியைக் குறிக்கும் 'ஃபிளூஷ்ட்லிங்' செய்தித்தாள் சொல். ஜெர்மன் மொழிக் கழகம் 2015ஆம் ஆண்டின் சொல்லாக அதன் பன்மை வடிவைத் தேர்ந்தபோது, 'லிங்' என்னும் விகுதி அத்துமீறி நுழைபவன் போன்ற இழிபொருட் சொற்களிலும், தொழில் பயில்பவன், தண்டனைக் கைதி போன்ற செயப்படுநிலைச் சொற்களிலும் பயில்வதைச் சுட்டிக்காட்டியது. அதனால் சிலர் 'தப்பி வந்தவர்' எனப் பொருள்படும் வினையாலணையும் பெயரை விரும்பத் தொடங்கினர். ஓகுயிபே விகுதியை மாற்றவில்லை. விவிலியச் சொல்லையும் செய்தித்தாள் சொல்லையும் ஒரே விகுதியால் அருகருகே நிறுத்தியதன்மூலம், முன்னதற்குரிய மதிப்பைப் பின்னதற்கும் வழங்க முயன்றார் என்று கொள்ள இடமுண்டு.

ஊரின் நினைவு

நகரத்தின் முந்தைய தூண்களை அறியாமல் இத்தூணின் பொருளை முழுமையாக அறிய இயலாது. காசெல் நகர மன்றத்தின் முன் 1908இல் ஒரு நீரூற்று எழுப்பப்பெற்றது. அதன் நடுவே 12 மீட்டர் உயரக் கூம்பு வடிவம் நின்றது. அதற்குப் பொருளுதவி செய்தவர் சிக்மண்ட் ஆஷ்ராட் என்னும் யூதத் தொழிலதிபர். யூதர் கொடை என்பதனாலேயே நாசிகள் 1939இல் அதனை இடித்தனர். 1941 டிசம்பரில் காசெலின் யூதர்கள் இரயில்வண்டியில் ஏற்றப்பட்டு ரீகா நகருக்கு அனுப்பப்பட்டனர்.

ஹோர்ஸ்ட் ஹோஹைசல் என்னும் கலைஞர் 1987இல் அந்நீரூற்றுக்கு நினைவுச்சின்னம் அமைத்தபோது, இடிந்த வடிவத்தை மீண்டும் எழுப்பவில்லை. அதே வடிவத்தைத் தலைகீழாக 12 மீட்டர் ஆழத்திற்கு நிலத்தில் புதைத்தார். மேலே நிற்பவர்க்கு நீர் கீழே விழும் ஓசை மட்டும் கேட்கும். விரட்டப்பட்டவர் நினைவாக மண்ணுக்குள் இறங்கும் ஒரு கூம்பு அந்நகரில் முன்னரே உண்டு. வந்துசேர்ந்தவர் பெயரால் விண்ணோக்கி எழும் தூணை அதனோடு சேர்த்துப் படிப்பதே சரியான படிப்பு என்பது என் கருத்து. கண்காட்சிக்கு வெளியூரிலிருந்து வந்த திறனாய்வாளர் பலர்க்கு இத்தொடர்பு எட்டியிராது. உள்ளூர் மூத்தோர்க்கு எட்டாமல் இருந்திருக்க முடியாது.

பெயர்த்தலும் மீள நிறுத்தலும்

கண்காட்சி நடந்துகொண்டிருந்த 2017 ஆகஸ்டில், தூணை நகரம் விலைக்கு வாங்கலாம் என்னும் பேச்சு எழுந்தது. 'ஜெர்மனிக்கான மாற்று' என்னும் வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்த நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் அதனைக் கடுமையாக எதிர்த்தார். அவர் தூணை 'உருக்குலைந்த கலை' என்று குறிப்பிட்டார். 1937இல் நாசிகள் மியூனிக் நகரில் நடத்திய கண்காட்சியின் பெயரான 'சீரழிந்த கலை' என்னும் தொடருக்கும் இதற்கும் ஜெர்மன் மொழியில் ஓரிரு அசைகளே வேறுபாடு. இரண்டும் 'என்ட்' என்னும் முன்னொட்டில் தொடங்குவன. கேட்டோர் அனைவர்க்கும் பழைய தொடர் நினைவுக்கு வந்தது. இல்லாத சொல்லை ஒலியொப்புமையால் கேட்கச் செய்யும் இவ்வகைப் பேச்சு, அரசியல் மொழியை ஆராய்வோர் தனியே கவனிக்க வேண்டியது.

பின்னர் நகரம் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டியது. 6,00,000 யூரோ இலக்கு வைக்கப்பட்டது. 2018 வசந்த காலத்தில் அவ்வேற்பாடு முடிந்தபோது சேர்ந்தது ஏறத்தாழ 1,26,000 யூரோ. ஓகுயிபே அத்தொகையை ஏற்க முன்வந்தார். சிக்கல் விலையால் அன்றி இடத்தால் நேர்ந்தது. தூண் வேறிடம் செல்லவேண்டும் என்றது நகரம். மக்கள் நடமாடும் கோனிக்ஸ்பிளாட்சுக்கென்றே அஃது ஆக்கப்பட்டது என்றார் கலைஞர். உடன்பாடு எட்டாத நிலையில், 2018 அக்டோபர் 3ஆம் நாள் அதிகாலையில் தூண் பிரித்து அகற்றப்பட்டது. அந்நாள் ஜெர்மானிய ஒற்றுமை நாள், அரசு விடுமுறை. தூண் அகற்றப்பட்ட அன்று அதன் தொடர் ஓர் எழுத்தும் மாறவில்லை. எனினும் நன்றிக் கூற்று அன்று பொய்யாயிற்று.

இடமாற்றம் கலையை அழிப்பதாகுமா என்பது பழைய வழக்கு. நியூயார்க்கில் 1981இல் நிறுவப்பெற்ற ரிச்சர்டு செராவின் 'சாய்ந்த வில்' என்னும் எஃகுச் சுவர், அலுவலர்களின் எதிர்ப்பால் 1989இல் அகற்றப்பட்டது. இடம் மாற்றினால் படைப்பே அழியும் என்று செரா வாதிட்டார். அச்சுவர் பின்னர் எங்கும் நிறுத்தப்படவில்லை. ஓகுயிபே வேறு வழி சென்றார். தூண் அகற்றப்பட்ட சில நாள்களிலேயே நகரத்துடன் உடன்பாடு கண்டார். 2019 ஏப்ரலில் அது டிரெப்பன்ஸ்ட்ராசே என்னும் படிக்கட்டுத் தெருவில் மீண்டும் நிறுத்தப்பெற்றது. 1950களில் நடந்து செல்வோர்க்கென்றே அமைக்கப்பட்ட தெரு அது. வட்டச் சதுக்கத்தில் நான்கு முகங்களும் ஒத்த மதிப்புடன் தோன்றின; தெருவில் ஏறுவோர்க்கு ஒரு முகமும் இறங்குவோர்க்கு ஒரு முகமும் முதன்மை பெறுகின்றன. இஃது இழப்பே. ஆனால் வேறொரு பொருள் சேர்ந்தது: விரட்டப்பட்டு, மீண்டும் இடம் பெற்ற தூண் இப்போது தன் தொடரைத் தன்னைப் பற்றியே சொல்கிறது.

தூண் மீண்டும் நின்று இரு மாதம் நிறைவதற்குள், 2019 ஜூன் 2ஆம் நாள், காசெல் மாவட்ட நிருவாகத்தின் தலைவரான வால்டர் லூப்கே தம் வீட்டு முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இல் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில், அகதிகளுக்கு இடமளிப்பதை ஆதரித்து அவர் பேசியதே வலதுசாரித் தீவிரவாதியான கொலையாளியின் பகைக்குக் காரணம் என்பது வழக்கில் வெளிப்பட்டது; 2021இல் அவனுக்கு வாழ்நாள் சிறை விதிக்கப்பட்டது. தூணின் 'நீங்கள்' என்னும் சொல்லுக்கு அதன்பின் ஒரு குறிப்பிட்ட மனிதரின் முகமும் உண்டு. கலைஞர் நினைத்திராத, நினைத்திருக்கவும் இயலாத பொருள் இது. ஆயினும் அவ்வூரார் அதனை நீக்கிவிட்டுத் தொடரைப் படிக்க முடியாது.

தமிழில் எச்சொல்

இத்தொடரைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்னும் வினா வெறும் மொழிபெயர்ப்பாளர் வினா அன்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து ஜெர்மனியில் தஞ்சம் புகுந்த தமிழர் பலர். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் அவர்தம் குடியேற்றத்தின் அடையாளம். அவர்களும் தூணின் 'நான்' என்பதற்குள் அடங்குவோரே.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகள் 'அந்நியன்' என்னும் சொல்லை ஆள்கின்றன. 'பிறன்' என்னும் பொருளுடைய வடசொல் அடியாகப் பிறந்த இச்சொல்லில் விலக்கல் உண்டு, வரவேற்பு இல்லை. 'அகதி' என்பது கதியற்றவன் என்று இல்லாமையால் பெயர் சூட்டுகிறது. ஈழத் தமிழர் வழக்கில் பயிலும் 'ஏதிலி' என்பதும் எதிர்மறையில் பிறந்ததே. அதன் பழைய வடிவமான 'ஏதிலார்' சங்க நூல்களிலும் குறளிலும் தொடர்பில்லாதவர் என்னும் பொருளுடன் வந்து, பகைவர் என்னும் பொருளையும் ஏற்றது. இலத்தீனத்தின் ஐயம் தமிழிலும் உண்டு என்பதற்கு இது சான்று.

எஞ்சுவது 'விருந்து'. அதன் முதற்பொருள் புதுமை. தொல்காப்பியம் புதிதாகப் புனையும் யாப்பிற்கும் அப்பெயரையே இடுகிறது. உணவு என்னும் இன்றைய பொருள் பின்வந்தது. முன்பின் அறியாதவராய் வந்தவரே விருந்து; உறவினர் வருகை அன்று. கிரேக்க 'க்செனோஸ்' தரும் இரு பொருளையும், பகைமைச் சாயல் இன்றித் தருவது இச்சொல் ஒன்றே. ஆனால் இன்றைய வாசகர்க்கு 'விருந்தாக வந்தேன்' என்பது திருமண வீட்டை நினைவூட்டும். கடல் கடந்து உயிர் தப்பி வந்தவனின் குரலாகக் கேட்காது. ஆகவே 'புதியவன்' என்னும் எளிய சொல்லையே நான் தேர்வேன். வினைக்கு, ஒன்றுகூட்டல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையை நெருங்கி நிற்கும் 'சேர்த்துக்கொள்' என்பதை மாற்றாமல் வைத்துக்கொள்வேன். ஜெர்மன் விவிலிய மரபில் வரும் வினை தங்க இடம் அளித்தலைக் குறிப்பது. அரபு வினையும் நிழலும் புகலும் தருதலையே குறிப்பது. தமிழ் வினையில் கூரை இல்லை, கூட்டம் இருக்கிறது.